மூன்று குட்டிகள், ஒரு தறி, தினம் ஒரு படம்

செய்யாரில் ஒரு கல்லூரி மாணவி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலேஜ் திறந்த அன்றைக்கு ஒரு சபதம் எடுக்கிறாள். தினம் ஒரு படம். பென்சிலோ, பேனாவோ, வாட்டர் கலரோ எதுவானாலும் சரி, அடுத்த வருஷம் இதே தேதி வரைக்கும் ஒரு நாள் கூட விடக்கூடாது. முதல் பத்து நாள் ஜோராகப் போகிறது. பதினோராம் நாள் சாயங்காலம் வீடு திரும்பும்போது ரைஸ் மில் சுவரோரமாக ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே மூன்று பூனைக்குட்டிகள். இன்னும் கண் கூடத் திறக்கவில்லை.

அன்றைக்குப் படம் கிடையாது. மறுநாளும் கிடையாது. மூன்றாம் நாள் அம்மா கேட்கிறார், "ஏன்டி, ஒண்ணு படம் வரை, இல்லன்னா பூனையப் பாரு. ரெண்டையும் இழுத்துப் போட்டுக்கிட்டு எதையாவது உருப்படியா செஞ்சியா?" அப்பா பேப்பரை மடித்துவிட்டு, "படிப்புன்னு ஒண்ணு இருந்துச்சே, அது இந்த லிஸ்ட்டுலயே இல்லையா?" என்கிறார்.

மாணவி கற்பனைதான். ஆனால் இந்தச் சிக்கல் கற்பனை இல்லை. தினமும் எழுத வேண்டும், வரைய வேண்டும், வீணை வாசிக்க வேண்டும் என்று உட்கார்ந்த யாராவது, வழியில் கிடந்த ஒரு குட்டியைத் தூக்கி வந்திருந்தால் அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கலை என்பது நேரம் கேட்கிற வேலை. குட்டி என்பது நேரத்தைத் தின்கிற உயிர். இரண்டையும் ஒரே ஆள் தூக்க முடியுமா?

முடியும். அதை எப்படி என்று தெரிந்துகொள்ள அமெரிக்கப் புத்தகங்களைப் புரட்ட வேண்டாம். செய்யாரில் பஸ் ஏறி ஒரு மணி நேரத்தில் ஆரணியில் இறங்கி, ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

முதலில் பூனைக் கணக்கு

பிராணிகள் காப்பகங்களில் 'ஃபாஸ்டர்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. பூனையைத் தத்தெடுப்பது வேறு, இது வேறு. குட்டி பெரிதாகும் வரைக்கும், அல்லது நோய் தேறும் வரைக்கும் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்த்து, பிறகு நிரந்தரமாக வளர்க்கப் போகிறவர் கையில் ஒப்படைப்பதுதான் ஃபாஸ்டர். சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற பெரிய காப்பகங்களுக்கு இப்படிப்பட்ட வீடுகள் அவசியம். காரணம் எளிமையானது. பல பிராணிகள் நெருக்கமாக இருக்கிற இடத்தில் தாயில்லாத குட்டி பிழைப்பது கஷ்டம். பூனைகளுக்கு வரும் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய் ஒரு குட்டிக்கு வந்தால் மற்றவற்றுக்கும் வேகமாகப் பரவும். அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் குட்டிகளை வீடுகளுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள்.

செய்யார், ஆரணி போன்ற ஊர்களில் நிலைமை இன்னும் கடினம். சென்னைக் காப்பகம் சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இங்கே அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது, ஆனால் அங்கே வரிசையில் நிற்பது பெரும்பாலும் மாடும் ஆடும்தான். நாய்களுக்காவது சட்டத்தில் ஓர் இடம் இருந்தது. 2001-ல் வந்த விலங்குகள் கருத்தடை விதிகளின் தலைப்பிலேயே நாய்கள் என்றுதான் போட்டிருந்தார்கள். 2023-ல் அதற்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. தெருப் பூனையோ யார் கணக்கிலும் வராமல் மதில் மேல் நடந்து போய்க்கொண்டே இருக்கிறது. ஆக, நம்மூரில் அந்த அட்டைப்பெட்டியைத் தூக்குகிறவர்தான் காப்பகம், அவரேதான் ஃபாஸ்டர், அவரேதான் ஆம்புலன்ஸ்.

கணக்கு இப்படிப் போகும். பிறந்த குட்டியின் எடை சுமார் 100 கிராம். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் புகட்ட வேண்டும், ராத்திரியிலும்தான். பசும்பால் ஆகாது, வயிற்றுப்போக்கு வந்துவிடும். குட்டிகளுக்கென்றே விற்கிற பால் பவுடர் வேண்டும். குழந்தையை மடியில் மல்லாத்துவது போலக் குட்டியை மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற வைத்துத்தான் புகட்ட வேண்டும். உடம்பு சில்லிட்டிருக்கிற குட்டிக்கு முதலில் சூடு, அப்புறம்தான் பால். ஒவ்வொரு தடவையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றை மெதுவாகத் துடைத்துவிட்டால்தான் ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகும். மூன்று குட்டிக்கு ஒரு சுற்று முடிய அரை மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டுச் சுற்று என்றாலே நாலு மணி நேரம் போய்விடுகிறது.

அம்மா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை!

ஆனால் இந்தக் கணக்கின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். ஏழு முதல் பதினாலு நாளுக்குள் கண் திறக்கிறது. மூன்றாவது வாரத்தில் பால் இடைவெளி நாலைந்து மணி நேரமாகிறது. நாலாவது வாரத்தில் மெல்லிய உணவை நக்கத் தொடங்குகின்றன. ஆறாவது வாரத்தில் மூன்றும் ஒன்றன் வாலை ஒன்று கடித்துக்கொண்டு தாமாகவே விளையாடுகின்றன. அப்போது ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். எட்டு வாரம் முடிந்தால் வேறு வீட்டுக்குப் போகத் தயார். அதாவது இது வாழ்நாள் பாரம் கிடையாது. இரண்டு மாதத்து வேலை. அதிலும் கடுமையான பகுதி மூன்று வாரம்தான்.

அந்த மூன்று வாரத்தில் தினம் ஒரு படம் என்ன ஆவது? இங்கேதான் தறி வருகிறது.

தறி சொல்லித்தரும் மூன்று விஷயங்கள்

ஆரணி, சேவூர், தேவிகாபுரம் பக்கத்தில் கைத்தறி நெய்கிறவர்கள் 'தினம் ஒரு படைப்பு' என்று யாரிடமும் சபதம் செய்ததில்லை. ஆனால் வேறு யாரைவிடவும் அதை அவர்கள்தான் செய்து வந்திருக்கிறார்கள். தரையில் குழி, குழிக்குள் கால், மடிக்கு நேரே பாவு. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை நாடா இங்கும் அங்கும் ஓடும்.

முதல் பாடம். நெசவாளர் ஒரு நாளில் ஒரு சேலை நெய்வதில்லை. ஒரு பட்டுச் சேலைக்கு வேலைப்பாட்டைப் பொறுத்துப் பல நாட்கள் ஆகும். ஒரு நாளின் வேலை என்பது அந்தச் சேலையில் ஒரு பகுதி மட்டும்தான். பார்டரும் முந்தானையும் நுணுக்கமாக இருந்தால் அன்றைக்குக் கொஞ்சம்தான் நகரும். அதற்காக அவர் தோற்றுப்போனதாக யாரும் சொல்வதில்லை. 'தினம் ஒரு படம்' என்று கிளம்புகிற மாணவர்கள் தவறுவது இங்கேதான். தினமும் முழுசாக ஒன்று, அதுவும் நாலு பேருக்குக் காட்டுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று நினைக்கிறார்கள். குட்டிக்குப் பால் புகட்டுகிற மூன்று வாரத்தில் அது நடக்காது. நடக்கக்கூடியது பத்து நிமிஷக் கோட்டுப் படம். தூங்குகிற குட்டியை விட அசையாத மாடல் எந்த ஓவியப் பள்ளியிலும் கிடைக்காது. பால் குடித்துவிட்டுத் தூங்குகிற பத்து நிமிஷம்தான் அன்றைய தறி.

இரண்டாவது பாடம், லீவு. ஐப்பசி கார்த்திகை மழையில் குழித்தறிக்குள் ஈரம் ஏறிவிடும், வேலை நின்றுபோகும். பல நெசவு ஊர்களில் அமாவாசைக்குத் தறி ஓட்டாத வழக்கமும் உண்டு. யாரும் அதை 'சங்கிலி அறுந்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டு மறுநாள் தறியை விற்பதில்லை. நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்கிறார்கள். நம் பிள்ளைகளோ ஒரு நாள் விட்டால் போச்சு, எல்லாம் போச்சு என்று நோட்டை மூடி வைத்துவிடுகிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. ஒரு புதிய பழக்கம் தானாக வரும் அளவுக்கு ஊறுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. நடுவில் ஒரு நாள் தவறிப்போனது பழக்கம் ஊறுவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. நெசவாளர் அனுபவத்தில் கண்டதை ஆய்வு எண்ணிக்கையில் சொல்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது பாடம்தான் முக்கியமானது. நெய்து முடித்த சேலையை நெசவாளர் என்ன செய்கிறார்? அறுத்து, மடித்து, கொடுத்து அனுப்பிவிடுகிறார். வாரக்கணக்கில் கண்ணுக்கு நேரே வளர்ந்த பட்டு அது. அதன் ஒவ்வொரு இழையும் அவருக்குத் தெரியும். ஆனாலும் அது வேறு யாருடைய கல்யாணத்துக்கோ போகிறது. அந்தப் பாவு முழுவதும் நெய்து முடிந்தால், பழைய நூல் முனைகளோடு புதுப் பாவின் முனைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடுத்ததைத் தொடங்குகிறார்கள். தறியில் நெய்த துணி தங்கினால் தறி நின்றுவிடும். தறி என்பது பீரோ இல்லை.

ஃபாஸ்டர் வீடும் அப்படித்தான். அது குட்டிகள் வளர்ந்து வெளியேறுகிற இடம். அங்கேயே தங்கிவிடுகிற இடம் இல்லை.

எங்கே உடைகிறது?

பூனைகளை மீட்கிறவர்கள் சோர்ந்து விழுவது பெரும்பாலும் முதல் மூன்று குட்டியால் இல்லை. எட்டு வாரம் ஆன பிறகும் அந்த மூன்றை விட மனசு வராமல், 'இந்தக் கருப்புக்குட்டி மட்டும் இருக்கட்டும்' என்று வைத்துக்கொண்டு, அதற்குள் அடுத்த அட்டைப்பெட்டி வந்து, அதில் ஒன்றும் தங்கி, ஒரு வருஷத்தில் வீட்டில் ஒன்பது பூனை ஆகிவிடுவதால்தான். கருத்தடை செய்யாவிட்டால் இன்னும் மோசம். பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினை பிடிக்கக்கூடும். சினைக்காலம் சுமார் 63 நாள். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. அப்புறம் எங்கே படம், எங்கே படிப்பு?

அங்கே கஷ்டப்படுவது வரைகிறவர் மட்டும் இல்லை. ஒன்பது பூனைக்கு நடுவில் பத்தாவதாக வரும் நோஞ்சான் குட்டிக்குச் சூடும் இல்லை, தனி அறையும் இல்லை, எடை பார்க்க ஆளும் இல்லை. அது செத்துப்போகிறது. 'முடியாது' என்று சொல்லாத இரக்கம் கடைசியில் கொன்றுவிடுகிற இரக்கமாக மாறிவிடுகிறது. கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் இதுதான் நடக்கிறது.

கலையிலும் இதே வியாதி உண்டு. வரைந்து முடித்த படத்தை விடாமல் திருத்தித் திருத்தி, ஒரே கவிதையை மூன்று மாதம் மடியில் வைத்துக்கொண்டு, அடுத்ததைத் தொடங்காமலே இருப்பது. தினமும் செய்கிற வேலையின் அழகே அன்றைய வேலையை அன்றைக்கே விட்டுவிடுவதுதான். பீப்பிள் என்ற பெயரில் வரைகிற அமெரிக்கர் மைக் விங்கிள்மான் 2007 மே 1 முதல் தினமும் ஒரு படம் செய்து முடித்தார். முதல் 5000 நாள் படங்களைச் சேர்த்த ஒரே கோப்பு 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 69 மில்லியன் டாலருக்கு விற்றது. எல்லோரும் அந்தத் தொகையைத்தான் பேசினார்கள். கவனிக்க வேண்டியது வேறு. அந்த 5000-ல் ஆரம்ப காலத்துப் படங்கள் பல சுமார் ரகம். சுமாரானதையும் அன்றைக்கே முடித்து வெளியே விட்டதால்தான் அடுத்த நாள் ஒன்று வந்தது.

ஆக, கலைக்கும் பூனைக்கும் சண்டை இல்லை. இரண்டையும் கெடுப்பது ஒரே குணம்தான்: பிடித்து வைத்துக்கொள்வது. அதை விட்டால் இரண்டுக்கும் ஒரே வீட்டில் இடம் இருக்கிறது.

செய்து காட்டியவர்கள்

சேர்த்துச் செய்ய முடியும் என்பதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை.

அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் இறக்கும் வரை, 46 வருஷம், இயற்கை பற்றிய ஒரு சிறிய பத்தியை எழுதிக்கொண்டே இருந்தார். படமும் அவரே வரைவார், போட்டோவும் அவரே எடுப்பார். யானையைப் பற்றி எழுதியதைப் போலவே அணிலையும் காக்கையையும் வீட்டுப் பக்கத்து ஜீவன்களையும் பற்றி எழுதினார். பத்தியின் அளவு சின்னது, ஆனால் நிற்கவில்லை. பிராணிகளோடு இருந்த நேரமே அவருக்கு எழுத்துக்கான நேரமாகவும் இருந்தது.

இங்கிலாந்தில் லூயிஸ் வெய்ன் என்று ஓர் ஓவியர் (1860–1939). கல்யாணமான கொஞ்ச காலத்தில் மனைவி எமிலிக்குப் புற்றுநோய். தெருவிலிருந்து வீட்டுக்கு வந்த பீட்டர் என்ற கருப்பு வெள்ளைக் குட்டிதான் படுக்கையில் கிடந்த அவருக்குத் துணை. மனைவியைச் சிரிக்க வைக்கவே வெய்ன் பீட்டரை வரைய ஆரம்பித்தார். 1886 கிறிஸ்துமஸுக்கு ஒரு பத்திரிகையில் நூற்றைம்பது பூனைகள் கொண்ட அவருடைய படம் வந்தது. மறு வருஷம் எமிலி இறந்துபோனார். ஆனால் நோயாளியின் படுக்கையோரம் உட்கார்ந்து வரைந்த அந்தக் கோடுகள்தான் அவரை உலகத்துக்குக் காட்டின. பிற்காலத்தில் அவர் வறுமையிலும் மனநோயிலும் விழுந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. பூனையோடு இருந்தால் வாழ்க்கை இனிப்பாகிவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கவனித்துப் பார்த்துக்கொள்வதும் கவனித்து வரைவதும் ஒரே கண்ணால் செய்கிற வேலை என்பதற்கு மட்டும் அவர் சாட்சி.

நமக்கு இன்னும் நெருக்கமான பெயர் ருக்மிணி தேவி அருண்டேல். 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியவர். நடனத்தோடு அங்கே கைத்தறியையும் வளர்த்தார், பழைய சேலை வகைகளுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். அதே ஆள்தான் மாநிலங்களவையில் உட்கார்ந்து பிராணிவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1960-ல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. நாட்டியமா, பிராணியா, தறியா என்று அவரிடம் யாரும் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும், எதையும் அவர் தனி ஆளாகச் செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் ஆட்களைச் சேர்த்தார், அமைப்பை உண்டாக்கினார். தறி வீட்டிலும் அதே கதைதான். ஒருவர் நெய்கிறார், ஒருவர் தார் சுற்றுகிறார், பாவு விரிக்கும்போது நாலு பேர் சேர்ந்து பிடிக்கிறார்கள். தனியாளாக ஒரு பட்டுச் சேலை வருவதில்லை. தனியாளாக மூன்று குட்டியும் பிழைப்பதில்லை.

வரும் கேள்விகள்

"மனுஷனுக்கே சோறில்லை, பூனைக்குப் பால் பவுடரா?" இது முதல் கேள்வி. ஆரணி அரிசிக்கும் பேர் போன ஊர். நெல் மூட்டை இருக்கிற இடத்தில் எலி இருக்கும். அரிசி மண்டிக்காரரிடம் கேட்டால் பூனை சும்மா சாப்பிடுகிறதா, சம்பாதித்துச் சாப்பிடுகிறதா என்று சொல்வார். அது போகட்டும். குட்டிக்குச் செலவழித்த பணம் ஏழைக்குப் போயிருக்கும் என்பது வாதத்துக்கு நன்றாக இருக்கிறது. நடைமுறையில் அந்தக் காசு சினிமாவுக்கும் பரோட்டாவுக்கும்தான் போகும். ஓர் உயிரிடம் இரக்கம் காட்டிப் பழகிய கை இன்னொரு உயிரிடம் மூடிக்கொள்வதில்லை.

"குறுக்கே போனாலே சகுனம் சரியில்லை, வீட்டுக்குள்ளேயே வைப்பதா?" இதற்குப் பதில் சொல்லிப் பயனில்லை. பாட்டியின் மடியில் ஒரு குட்டியை வைத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் சகுனம் சரியாகிவிடும்.

"வியாதி வந்துவிடாதா?" இது நியாயமான கேள்வி. சிலருக்குப் பூனையால் உண்மையிலேயே அலர்ஜி உண்டு, ஆஸ்துமாக்காரர் இருக்கிற வீட்டில் யோசித்துத்தான் செய்ய வேண்டும். கர்ப்பிணிகள் பூனை மலத்தைச் சுத்தம் செய்யக் கூடாது. கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது. ரேபீஸ் பூனையிடமிருந்தும் வரும்.

"படிப்பு?" என்று அப்பா கேட்டதுதான் உண்மையில் கடினமான கேள்வி. செமஸ்டர் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது கண் திறக்காத குட்டிகளை எடுப்பது தவறு. தறியில் மழைக்காலம் போல இதற்கும் ஒரு காலம் உண்டு. அந்தச் சமயத்தில் செய்யக்கூடியது, வேறு யார் பார்க்க முடியும் என்று நாலு பேரைக் கேட்பது. அதுவும் உதவிதான். 'இப்போது முடியாது, ஆனால் முடிகிற ஆளைக் காட்டுகிறேன்' என்பது கோழைத்தனம் இல்லை.

எப்படிச் செய்யலாம்?

அட்டைப்பெட்டியைக் கண்டதும் தூக்கக் கூடாது என்பதில் ஆரம்பிக்கலாம். பெட்டியில் போட்டு வீசியவை என்று தெரிந்தால் வேறு விஷயம். மற்றபடி குட்டிகள் சூடாக, வயிறு நிறைந்து இருந்தால் தாய் பக்கத்தில்தான் இருக்கும். கொஞ்சம் தள்ளி நின்று சில மணி நேரம் பார்க்க வேண்டும். தாயை விட நல்ல ஃபாஸ்டர் கிடையாது.

எடுத்தாகிவிட்டது என்றால், எண்ணிக்கையை முதல் நாளே முடிவு செய்து நோட்டில் எழுதிவிட வேண்டும். ஒரே சமயத்தில் ஓர் ஈற்றுக் குட்டிகள், அதற்கு மேல் இல்லை. எட்டாவது வாரத்தின் தேதியையும் அங்கேயே குறிக்க வேண்டும். வளர்க்க வீடு தேடும் வேலையை எட்டாவது வாரத்தில் தொடங்கினால் தாமதம். நாலாவது வாரத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். முடிந்தால் இரண்டு குட்டிகளைச் சேர்த்து ஒரே வீட்டுக்கு அனுப்புவது நல்லது, ஒன்றுக்கொன்று துணை. கொடுக்கும்போது தடுப்பூசி, கருத்தடை பற்றிப் பேசிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

படத்துக்குத் தனி நோட்டு வேண்டாம். குட்டிகளின் எடையைத் தினமும் எப்படியும் எழுத வேண்டும், நன்றாக இருக்கிற குட்டி ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிராம் கூடும். அந்தப் பக்கத்திலேயே ஒரு சின்னப் படம். எடை, குடித்த பால், ஒரு கோட்டுச் சித்திரம். எட்டு வாரம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் குட்டி வளர்ந்த கதையும் கை தேறிய கதையும் ஒன்றாகத் தெரியும். புது வீட்டுக்குக் குட்டியோடு அந்தப் பக்கங்களின் நகலையும் கொடுத்தனுப்பலாம்.

வேலை செய்கிற இடத்தில் மட்டும் ஒரு கதவு அவசியம். டர்பன்டைன், பெயின்ட் தண்ணீர், ஊசி எல்லாம் பூனைக்கு ஆபத்து. அதைவிட ஆபத்து நூல். பூனை நூலோடு விளையாடுவதைப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நீளமான நூலை விழுங்கினால் அது குடலைச் சுருக்கி அறுத்துவிடும், ஆபரேஷன் இல்லாமல் பிழைக்காது. வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, நேரே டாக்டரிடம் போக வேண்டும். பாவு அறுந்தால் முதலாளியிடம் பேச்சு, குட்டி போனால் உயிர். நூலையும் பூனையையும் நேசிக்கிற வீட்டில் இரண்டுக்கும் நடுவே கதவு இருந்தே ஆக வேண்டும். மனித மாத்திரைகளும் அப்படியே. அரைப் பாரசிட்டமால் கூடப் பூனையைக் கொன்றுவிடலாம்.

கடைசியாக

ஆரணிப் பக்கம் இன்று தறிச் சத்தம் குறைந்துவிட்டது. விசைத்தறி ஒரு பக்கம், கூலி கட்டுபடியாகாதது ஒரு பக்கம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் சிப்காட்டிலும் கடைகளிலும் வேலைக்குப் போகிறார்கள். அது அவர்கள் முடிவு, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தறியை விட்டாலும் தறி சொல்லித்தந்ததை விட வேண்டியதில்லை. அளவாக எடு, அன்றாடம் செய், நாலு கையைச் சேர்த்துக்கொள், முடிந்ததும் அறுத்துக் கொடு.

அந்தச் செய்யார் மாணவிக்கு ஐம்பத்தாறாவது நாள் வரும். கருப்புக்குட்டி அவள் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும்போது கூட்டிப் போக ஆள் வந்து நிற்பார்கள். அழுகை வரும், வரட்டும். முதல் சேலையை அறுத்துக் கொடுத்த நாளில் எந்த நெசவாளருக்கும் மனசு கனக்காமல் இருந்திருக்காது. கொடுத்துவிட்டு உள்ளே வந்து, அம்மா போட்ட காபியைக் குடித்துவிட்டு, நோட்டைத் திறந்து அன்றைய படத்தை அவள் வரைய வேண்டும். காலியான அட்டைப்பெட்டியை வரைந்தாலும் போதும். அன்றைக்கு அதுதான் படம்.

பெட்டி காலியாக இருந்தால்தான் அடுத்த தடவை ரைஸ் மில் சுவரோரம் சத்தம் கேட்கும்போது கையில் ஒரு பெட்டி இருக்கும்.